நான்கு கைகள் உயர்ந்தால் போதும்: அமெரிக்கப் பள்ளிக் கண்காணிப்பாளரின் பதவியும் பாடும்

அமெரிக்காவில் ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை வகிக்கும் கண்காணிப்பாளரைப் பெரும்பாலும் எந்த அரசும் நியமிப்பதில்லை. தேர்வாணையம் கிடையாது, பணிமூப்புப் பட்டியல் கிடையாது, இடமாற்ற உத்தரவும் கிடையாது. அந்த ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் அவரை ஒப்பந்தத்தில் அமர்த்துகிறது. வேண்டாம் என்றால் அதே வாரியம் அனுப்பிவிடுகிறது. வாரியத்தில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது பேர் இருப்பார்கள். ஏழு பேர் என்று வைத்துக்கொண்டால், நான்கு கைகள் உயர்ந்தால் போதும். முப்பதாண்டுப் பணிவாழ்க்கை ஓர் இரவுக் கூட்டத்தில் முடிந்துபோகும். அந்த நான்கு பேரில் ஒருவர் பல் மருத்துவராக இருக்கலாம், இன்னொருவர் வீட்டுத் தரகராக இருக்கலாம். பெரும்பாலான ஊர்களில் அவர்களுக்குச் சம்பளம் இல்லை, இருந்தாலும் பெயரளவுக்குத்தான்.

விதிவிலக்குகள் உண்டு. புளோரிடாவிலும் அலபாமாவிலும் பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு வாரியத்தின் பொறுப்பில் உள்ள பகுதியைப் பள்ளி மாவட்டம் என்கிறார்கள்) கண்காணிப்பாளரையே மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்கள் அந்த அதிகாரத்தை மேயரிடம் கொடுத்துப் பார்த்தன. ஆனாலும் நாட்டிலுள்ள சுமார் 13,000 பள்ளி மாவட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் வாரியம்தான் முதலாளி.

பள்ளிக்கூடத்தில் கொண்டுவரும் ஒரு மாற்றம் பலன் தரப் பத்தாண்டு ஆகும். கண்காணிப்பாளரின் ஒப்பந்தம் வழக்கமாக மூன்றாண்டு. கலிபோர்னியாவில் சட்டமே நான்காண்டுக்கு மேல் கூடாது என்கிறது. வாரியத்தின் ஒரு பகுதி இடங்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருவது வழக்கம். இந்த மூன்று காலக்கணக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை. இப்பதவியின் இருநூறாண்டு வரலாற்றில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒட்டாமையிலிருந்து பிறந்தவைதான் என்பது என் கணிப்பு.

பதவி என்றதும் பெருநகரங்கள்தான் நினைவுக்கு வரும். நியூயார்க்கில் ஒன்பது லட்சம் மாணவர்கள், லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு லட்சம். 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் தன் கண்காணிப்பாளருக்கு ஒப்புக்கொண்ட ஆண்டுச் சம்பளம் 4,40,000 டாலர். ஆனால் நாட்டின் பள்ளி மாவட்டங்களில் ஏறத்தாழ பாதியில் மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தொடாது. அங்கே கண்காணிப்பாளரே தலைமையாசிரியராகவும் இருப்பார். ஓட்டுநர் வராத நாளில் பள்ளிப் பேருந்தையும் ஓட்டுவார்.

பெரிய ஊரோ சிறிய ஊரோ, குளிர்காலத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கிறது: பனி விடுமுறை அறிவிப்பது. இரவெல்லாம் பனி கொட்டியிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்குக் கண்காணிப்பாளர் தாமே காரை எடுத்துக்கொண்டு, பேருந்துகள் திணறும் மேடுகளையும் வளைவுகளையும் ஓட்டிப் பார்ப்பார். சாலைத் துறையையும் பக்கத்து மாவட்டக் கண்காணிப்பாளரையும் தொலைபேசியில் பிடிப்பார். முதல் பேருந்து ஐந்தரை மணிக்குக் கிளம்பும் என்றால் ஐந்து மணிக்குள் முடிவு வேண்டும். விடுமுறை விட்டு வெயில் அடித்தால் வேலைக்குப் போகும் பெற்றோர் திட்டுவார்கள். திறந்து வைத்துப் பேருந்து சறுக்கினால் வழக்கே வரும். பல கோடி டாலர் வரவுசெலவைக் கையாளும் ஒருவரைப் பற்றி ஊர் எடைபோடுவது இந்த ஒரு முடிவை வைத்துத்தான் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை.

இந்த நாற்காலிக்கு வரும் வழி நீளமானது. வகுப்பறையில் சில ஆண்டுகள், பிறகு துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர், அதன்பின் மைய அலுவலகத்தில் பாடத்திட்டம் அல்லது பணியாளர் பிரிவு, துணைக் கண்காணிப்பாளர், கடைசியில் கண்காணிப்பாளர். இடையில் முதுகலைப் பட்டம், மாநில அரசின் நிர்வாக உரிமம், பலருக்குக் கல்வியியலில் முனைவர் பட்டம். முதன்முறையாகக் கண்காணிப்பாளராகும்போது பெரும்பாலானோர் நாற்பதுகளில் இருப்பார்கள். இந்த ஏணியில் ஒரு கோணல் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூவர் பெண்கள். கண்காணிப்பாளர்களில் நான்கில் ஒருவர்தான் பெண். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஆட்களை எடுப்பதே வாரியங்களின் நெடுநாள் பழக்கம். அந்தப் பதவிக்கு விளையாட்டுப் பயிற்சியாளராக இருந்த ஆண்கள் வந்த வழி அகலமானது; தொடக்கப் பள்ளிகளில் உழைத்த பெண்களின் வழி பாதியிலேயே குறுகிப்போனது.

பதவி பிறந்தது 1837-இல். பஃபலோ, லூயிவில் ஆகிய இரண்டு நகரங்களும் அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கண்காணிப்பாளரை நியமித்தன. அதுவரை வாரிய உறுப்பினர்களே பள்ளி பள்ளியாகப் போய்க் கணக்குப் பார்த்தார்கள். நகரங்கள் வளர்ந்ததும் அது முடியாமல் போனது. ஆனாலும் வரி கட்டுபவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் சிலர் வழக்கே தொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளிக்காக வரி வசூலிக்கலாம் என்று 1874-இல் அந்த வழக்கில் வந்த தீர்ப்பைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே வழக்கில் இரண்டாவது கேள்வி ஒன்றும் இருந்தது: ஒரு கண்காணிப்பாளரை நியமித்துச் சம்பளம் கொடுக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டா? உண்டு என்றார் நீதிபதி தாமஸ் கூலி. பள்ளிகளை நடத்தும் முழு அதிகாரம் வாரியத்திடம் இருக்கும்போது அதற்கு ஆள் வைத்துக்கொள்ளும் அதிகாரமும் அதிலேயே அடக்கம். பதவிக்குச் சட்ட பலம் கிடைத்தது. அந்த பலம் வாரியத்தின் அதிகாரத்திலிருந்து கடன் வாங்கியது என்பதையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தே எழுதிவிட்டது.

தொடக்ககாலக் கண்காணிப்பாளர்களில் அறிஞர்கள் பலர் இருந்தார்கள். செயின்ட் லூயிஸில் 1868 முதல் 1880 வரை அப்பதவியில் இருந்த வில்லியம் டோரி ஹாரிஸ், ஹெகலின் தத்துவத்தில் ஊறியவர். தத்துவத்துக்கென்றே ஓர் இதழ் நடத்தியவர். சூசன் புளோ என்ற இளம்பெண் அரசுப் பள்ளியில் மழலையர் வகுப்பு தொடங்க வேண்டும் என்று கேட்டபோது அவர் இடம் கொடுத்தார். நாட்டில் தொடர்ந்து நடந்த முதல் அரசு மழலையர் பள்ளி அப்படித்தான் 1873-இல் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டு ஒரே நகரில் இருக்க முடிந்ததால் அவர் தொடங்கியது வேர் பிடித்தது. பின்னர் அவர் நாட்டின் கல்வி ஆணையராகவும் பதினேழு ஆண்டு இருந்தார்.

எல்லா ஃபிளாக் யங்கின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1845-இல் பிறந்த அவர், பதினேழு வயதில் சிகாகோவில் ஆசிரியையானார். படிப்படியாக உயர்ந்து துணைக் கண்காணிப்பாளரானார். மேலிருந்து கட்டளையிட்டே பள்ளியை நடத்தும் போக்கு பிடிக்காமல் 1899-இல் விலகினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியிடம் ஆய்வு செய்து, ஐம்பத்தைந்து வயதில் முனைவர் பட்டம் பெற்றார். 1909-இல் சிகாகோ அவரைக் கண்காணிப்பாளராக்கியது. பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். மறு ஆண்டே தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவருமானார்.

சிகாகோ வாரிய உறுப்பினர்களை அப்போது மேயர் நியமித்தார். யங் ஆசிரியர் சங்கத்தோடு இணங்கிப் போனது, பாடப்புத்தகக் கொள்முதலில் பிறர் தலையிட விடாதது, உயர்நிலைப் பள்ளிகளில் உடல்நலமும் பாலொழுக்கமும் பற்றிய சொற்பொழிவுகளைக் கொண்டுவந்தது எல்லாம் சேர்ந்து எதிரிகளை வளர்த்தன. 1913 டிசம்பரில் வாரியம் அவரை மீண்டும் தேர்ந்தெடுக்காமல் அவருக்குக் கீழே இருந்தவரைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஜூனில்தான் இல்லினாய் மாநிலப் பெண்களுக்கு நகராட்சித் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்திருந்தது. பெண்கள் அமைப்புகள் பெருங்கூட்டம் கூட்டிக் கண்டித்தன. புதிதாக வாக்குரிமை பெற்றவர்களைப் பகைத்துக்கொள்ள மேயர் கார்ட்டர் ஹாரிசன் தயாராக இல்லை. வாரியத்தில் தமக்கு வேண்டாத சிலரை மாற்றினார். சில வாரங்களுக்குள் யங் மறுபடி நாற்காலியில் இருந்தார். கல்வி வரலாற்றில் இதை ஆசிரியர்களின் வெற்றி என்று எழுதுவார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு: ஒரு கண்காணிப்பாளரைக் காப்பாற்றியது அவருடைய பணியின் தரம் மட்டும் இல்லை, ஆறு மாதத்துக்கு முன் மாறிய வாக்காளர் பட்டியல்.

யங் போராடிக்கொண்டிருந்த அதே 1913-இல், மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரக் கண்காணிப்பாளர் ஃபிராங்க் ஸ்பால்டிங் சக கண்காணிப்பாளர்களின் மாநாட்டில் ஒரு கணக்கைப் படித்தார். ஒரு டாலர் செலவில் கிரேக்க மொழி வகுப்பில் 5.9 மாணவர்-பாடவேளை (ஒரு மாணவர் ஒரு பாடவேளை படிப்பது ஓர் அலகு) கிடைக்கிறது, பிரெஞ்சில் 23.8 கிடைக்கிறது. ஆகவே இந்த விலைக்குக் கிரேக்கம் கட்டுப்படியாகாது. தொழிற்சாலைகளில் நிர்வாக விஞ்ஞானம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. வாரியங்களில் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசினால் வேலை தங்கும் என்று கண்காணிப்பாளர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பார் வரலாற்றாசிரியர் ரேமண்ட் காலஹன். ஸ்பால்டிங் பின்பு மினியாபொலிஸ், கிளீவ்லாந்து என்று மேன்மேலும் பெரிய நகரங்களுக்குப் போய், கடைசியில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தத்துவம் பேசிய ஹாரிஸின் வாரிசுகள் ஒரே தலைமுறையில் கணக்குப்பிள்ளைகளானார்கள்.

நூற்றாண்டின் நடுவில் வந்த சோதனை வேறு வகை. நிறப் பாகுபாட்டை நீக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஊரில் நிறைவேற்ற வேண்டியவர் கண்காணிப்பாளர்தான். லிட்டில் ராக் நகரின் வர்ஜில் புளாசம், கூடியவரை மெதுவாகச் செய்யலாம் என்று ஒரு திட்டம் போட்டார். 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்களை மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஆளுநர் ஃபாபஸ் நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். நவம்பரில் வாரியம் மீதி ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுத்துப் புளாசத்தை அனுப்பிவிட்டது; வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோரும் உடனே விலகினார்கள். சிகாகோவில் பெஞ்சமின் வில்லிஸ் எதிர்த்திசையில் போனார். நெரிசல் மிகுந்த கறுப்பினப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைப் பக்கத்து வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பாமல், வளாகத்திலேயே இழுத்து நகர்த்தக்கூடிய தற்காலிக வகுப்பறைகளை நிறுத்தினார். அவற்றுக்கு ‘வில்லிஸ் வண்டிகள்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். இதைக் கண்டித்து 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்கு வரவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தும் வாரியம் அதை ஏற்காமல் அவரையே வைத்துக்கொண்டது. மூன்றாண்டு கழித்துத்தான் போனார்.

ஓக்லாந்தின் மார்கஸ் ஃபோஸ்டருக்கு நேர்ந்தது கொடுமை. 1970-இல் பொறுப்பேற்ற அவர், பெருநகரப் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினக் கண்காணிப்பாளர்களில் ஒருவர். 1973 நவம்பர் 6 இரவு வாரியக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு தீவிரவாதக் குழு அவரைச் சுட்டுக் கொன்றது. உடன் வந்த துணைக் கண்காணிப்பாளர் படுகாயமடைந்தார். மாணவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கும் திட்டத்தைக் காரணமாகக் காட்டினார்கள்.

இன்றைய கண்காணிப்பாளரின் நேரத்தைத் தின்பது பணம். பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டித்தான். மற்றதை மாநில அரசும் உள்ளூர் வரியும், பெரும்பாலும் வீட்டுச் சொத்துவரி, ஏறத்தாழப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. வீட்டு விலை உயர்ந்த ஊருக்கு வசதியான பள்ளி, மற்ற ஊருக்கு ஒழுகும் கூரை. இது அரசமைப்புக்கு விரோதமில்லை என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. செலவில் ஐந்தில் நான்கு பங்கு சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போய்விடுவதால், வெட்டவேண்டுமென்றால் ஆட்களைத்தான் வெட்ட வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு ஒரு விசித்திரமான நாள் குறித்திருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியருக்கு மார்ச் 15-க்குள் நோட்டீஸ் தர வேண்டும். மாநில வரவுசெலவுத் திட்டம் நிறைவேறுவதோ ஜூனில். ஆகவே பணம் வருமா வராதா என்று தெரியாமலேயே மார்ச்சில் நூற்றுக்கணக்கான நோட்டீஸ்களில் கண்காணிப்பாளர் கையெழுத்திடுகிறார்; மே மாதம் பலவற்றைத் திரும்பப் பெறுகிறார். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் நல்ல இளம் ஆசிரியர்கள் சிலர் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள்.

பணத்தில் கை வைத்தவர்களும் உண்டு. நியூயார்க்கின் ராஸ்லின் மாவட்டத்தில் 1.12 கோடி டாலர் மாயமான விவகாரம் 2004-இல் வெடித்தது. கண்காணிப்பாளர் ஃபிராங்க் டசோன் இருபது லட்சம் டாலருக்கு மேல் திருடியதாக ஒப்புக்கொண்டு சிறை சென்றார். உள்விவகாரத்தை முதலில் அச்சேற்றியது அந்தப் பள்ளி மாணவர்கள் நடத்திய செய்தித்தாள். வாரியம் அதற்கு முன்பே ஒரு பகுதியைக் கண்டுபிடித்து, வெளியே தெரியாமல் மூடி வைத்திருந்தது. சிறையில் இருந்தபோதும் டசோனின் ஓய்வூதியம் நிற்கவில்லை. அந்த மாநில அரசமைப்பு ஓய்வூதியத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அப்படி.

2002-இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டம் ஆண்டுதோறும் தேர்வு மதிப்பெண்ணை அளவுகோலாக்கியது. வாரியங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. பத்தாண்டு காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கோடையிலும் எண் வந்துவிடும். அட்லாண்டாவில் 1999 முதல் கண்காணிப்பாளராக இருந்த பெவர்லி ஹால் இந்த யுகத்தின் நட்சத்திரம். இலக்கை எட்டும் பள்ளியின் பணியாளருக்கெல்லாம் ஊக்கத்தொகை, எட்டாத தலைமையாசிரியருக்கு வெளிவாசல். எண்கள் ஏறின, 2009-இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருதும் வந்தது. விடைத்தாள்களைப் படிக்கும் இயந்திரம் அழித்தெழுதிய தடங்களையும் பதிவு செய்யக்கூடியது. சில வகுப்புகளில் தவறான விடையை அழித்துச் சரியான விடையாக மாற்றிய எண்ணிக்கை, தற்செயலாக நடக்கவே முடியாத அளவுக்கு இருந்தது. மாணவர்கள் போனபின் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைக் குற்றம் சாட்டியது. 2013-இல் ஹால் உள்ளிட்ட 35 பேர் மீது வழக்குப் பதிவானது. தமக்கு எதுவும் தெரியாது என்று கடைசிவரை சொன்ன ஹால், விசாரணையை எதிர்கொள்ளாமலே 2015-இல் புற்றுநோயால் இறந்தார்.

சரி, ஒரு கண்காணிப்பாளர் மாறினால் பிள்ளைகளின் படிப்பு மாறுகிறதா? புரூக்கிங்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புளோரிடா, வட கரோலினா மாநிலங்களின் தரவுகளை வைத்து 2014-இல் ஒரு விடை சொன்னார்கள். மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் கண்காணிப்பாளரால் விளக்கக்கூடிய பங்கு 0.3 விழுக்காடு. புதியவரை அமர்த்தினாலும் எண் ஏறவில்லை, பழையவர் நீடித்தாலும் ஏறவில்லை. சாதாரணமாக ஒருவர் பதவியில் இருப்பதே மூன்று நான்கு ஆண்டு என்பதும் அதில் வந்தது. இதைப் படித்துவிட்டு பதவியே வெட்டிச் செலவு என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது அவசரம் என்றே நினைக்கிறேன். மூன்றாண்டில் கிளம்பும் ஒருவரின் பத்தாண்டுப் பலனை எந்த ஆய்வாலும் அளக்க முடியாது. பத்தாண்டு நீடித்த ஆட்கள் தரவில் அரிது. நல்லது செய்யக் காலம் வேண்டும், கெடுதி செய்ய அவ்வளவு வேண்டாம் என்பதற்கோ அட்லாண்டாவே சாட்சி.

ஆள் எடுக்கும் சந்தையும் இந்தக் குறுகிய ஆயுளால்தான் செழிக்கிறது. வாரியம் தேடல் நிறுவனம் ஒன்றை அமர்த்தும். அது ஊர்க்கூட்டம் போட்டு, விருப்பப் பட்டியல் தயாரித்து, கடைசிச் சுற்றுக்கு இரண்டு மூன்று பேரைக் கொண்டுவரும். அந்தப் பெயர்கள் வெளியானதும் அவரவர் சொந்த ஊர் வாரியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். 2018-இல் மயாமியின் அல்பர்ட்டோ கர்வாலோ நியூயார்க் பதவியை ஏற்றுக்கொண்டார் என்று செய்தி வந்தது. மறுநாள் மயாமி வாரியம் அவசரக் கூட்டம் கூட்டிக் கெஞ்சியது. கூட்டம் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வரமாட்டேன் என்று மனம் மாறினார்; நியூயார்க் மேயருக்கு மானம் போயிற்று.

பதவி காலியாகும்போது இடைக்காலக் கண்காணிப்பாளர் என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். நிரந்தரப் பதவி வேண்டாதவர் என்பதால் அவருக்கு யாருடைய வாக்கும் தேவையில்லை. நிரந்தரமானவர் தொடத் தயங்கிய முடிவுகளை அவர் எடுத்துவிடுவார். லாஸ் ஏஞ்சலிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஐபேட் கொடுக்க நூறு கோடி டாலருக்கு மேல் திட்டம் போட்டார்கள். 2013-இல் கருவிகள் கைக்கு வந்த சில வாரங்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புப் பூட்டை உடைத்துத் தங்களுக்கு வேண்டியதைப் பார்க்கத் தொடங்கினார்கள். கொள்முதல் பற்றிய கேள்விகளும் எழ, 2014 அக்டோபரில் கண்காணிப்பாளர் விலகினார். வாரியம் ரமோன் கோர்ட்டினெஸை மூன்றாம் முறையாக அழைத்தது; அப்போது அவருக்கு வயது 82. எல்லாருக்கும் கருவி கொடுக்க மாவட்டத்துக்குக் கட்டுப்படியாகாது என்று சில மாதங்களில் சொல்லி, அவர் திட்டத்தை ஓரங்கட்டினார். அவர் விடைபெற்றதும் வாரியம் நாடு முழுக்கத் தேடியது. 2016 ஜனவரியில் அது தேர்ந்தெடுத்தது, அதே மாவட்டத்தில் படித்து, அங்கேயே ஆசிரியர் உதவியாளராகச் சேர்ந்து, கோர்ட்டினெஸுக்கு அடுத்த நிலையில் இருந்த மிஷெல் கிங்கை.